‘எல்லாம் நார்மல்’ என்ற 11 ஈசிஜி-கள்... 13-வதில் சிக்கிய படபடப்பு!

தீபாவளிக்கு இன்னும் 9 நாள் இருந்தது. தையல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அந்த 9 நாளும் பகல், ராத்திரி எல்லாம் ஒன்றுதான். கும்பகோணத்திலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் அந்த ஊரில், வீட்டின் முன்னறையையே கடையாக்கி பிளவுஸ் தைக்கும் அந்த 34 வயதுப் பெண்ணுக்கும் அப்படித்தான். ஊருக்கு அவர் ‘டெய்லர் அக்கா.’

கீழே உருண்ட பாபினை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தார். நெஞ்சுக்குள் யாரோ ஸ்விட்சைத் தட்டியதுபோல இருந்தது.

“வந்துடுச்சு” என்றார், பக்கத்தில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த மகளிடம். 4-ம் வகுப்புப் படிக்கும் மகள் பென்சிலைப் போட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல் எதிர்வீட்டு ஆட்டோ மாமாவைக் கூப்பிட ஓடினாள்.

அதற்கு முன் படபடப்பு வந்தபோதெல்லாம் அவர் தண்ணீர் குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அது போகும்வரை காத்திருப்பார். அன்று காத்திருக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் போய்ச் சேரும்வரை அது நின்றுவிடக் கூடாதே என்று வழியெல்லாம் சாமியை வேண்டிக்கொண்டார். நோய் போகட்டும் என்று வேண்டுவதுதான் வழக்கம். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று ஒருவர் வேண்டிக்கொண்டால், அதற்குப் பின்னால் கதை ஏதாவது இருக்கத்தான் செய்யும். இவருக்கு 9 வருடக் கதை.

முதல்முறை வந்தபோது அவருக்கு 25 வயது. மகள் பிறந்து 4 மாதம். குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தவருக்கு, திடீரென்று நெஞ்சு தடதடவென அடிக்க ஆரம்பித்தது. தையல் மெஷின் மோட்டாரில் எப்போதாவது ஒரு கோளாறு வரும். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஊசி நிற்காமல் ஓடும். “அதே மாதிரிதான். நான் காலை எடுத்துட்டேன், அது ஓடிக்கிட்டே இருக்கு” என்பதுதான் இன்றுவரை அவர் சொல்லும் விளக்கம். 20 நிமிடம் ஓடியது. பிறகு, வந்ததுபோலவே சட்டென்று நின்றது. கை, கால் வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மாமியார் சொன்னார்: “பிள்ளை பெத்த உடம்பு. எதையோ பார்த்துப் பயந்திருக்கே. வேப்பிலை அடிச்சா சரியாப் போயிடும்.”

வேப்பிலை அடித்தார்கள். 3 மாதம் வரவில்லை. சரியாகிவிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள்.

பிறகு வந்தது. மறுபடி 2 மாதம் இல்லை. ஒரே வாரத்தில் 2 முறை வந்தது. கல்யாணப் பந்தியில் வந்தது, பஸ்ஸில் வந்தது, ஒருமுறை தூக்கத்தில் வந்தது. டாக்டரிடம் கிளம்பி, பஸ் பிடித்து, டோக்கன் வாங்கி உட்காருவதற்குள் நின்றுவிடும். டாக்டர் ஈசிஜி எடுப்பார். நேர்த்தியான, சீரான துடிப்பு. “எல்லாம் நார்மல். டென்ஷன்தாம்மா. வேலையைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க.”

தைராய்டு பார்த்தார்கள். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தார்கள். படபடப்பு நின்றதும் அடிக்கடி சிறுநீர் போகிறது என்று ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னார். சர்க்கரை டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் நார்மல். எக்கோ எடுத்ததில் இதயத்தின் சுவர், வால்வு எல்லாம் சரியாக இருந்தன. 24 மணி நேரம் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவியையும் ஒருமுறை மாட்டிவிட்டார்கள். ஒரு நாளைக்கு இதயம் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. அந்த 1 லட்சம் துடிப்பும் ஒழுங்காக இருந்தன. கருவியைத் திருப்பிக் கொடுத்த மூன்றாம் நாள், படபடப்பு வந்து 40 நிமிடம் ஆட்டிவைத்துவிட்டுப் போனது. கல்யாண வீட்டில் போட்டோகிராபர் கிளம்பிய பிறகு வந்து சேரும் தாய்மாமன் மாதிரி.

ஒருகட்டத்தில் வீட்டில் யாரும் பதறுவதை நிறுத்திவிட்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவர் மாதம் இருமுறை வருவார். அவர் இருக்கும்போது படபடப்பு வந்ததே இல்லை. “டாக்டர் எல்லாம் நார்மல்னு சொல்றாங்க. நீதான் போட்டுக் குழப்பிக்கிறே” என்றார். திட்டிச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் தன்னை அதிகம் உடைத்தது என்கிறார் மனைவி. பிறகு மனநல மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். 8 மாதம் சாப்பிட்டார். பகலெல்லாம் தூக்கம் வந்ததே தவிர, படபடப்பு அது பாட்டுக்கு வந்து போனது. பள்ளி யூனிபார்ம் ஆர்டரை விட்டுக்கொடுத்தார். மகளை ஸ்கூட்டியில் ஏற்றுவதை நிறுத்தினார். “ஓட்டும்போது வந்துடுச்சுன்னா?” என்ற பயம். பிறகு, அந்தப் பயத்தையே எல்லோரும் நோய்க்குச் சாட்சியாகக் காட்டினார்கள். “பாரு, இவளுக்குப் பயம்தான்.”

பதற்ற நோய் என்பது பொய்யான நோயல்ல. அதுவும் உண்மையான அவதி. அதற்கும் நல்ல சிகிச்சை உண்டு. ஆனால், இதயத்தின் மின் ஓட்டத்தில் வரும் கோளாறும் ஏறக்குறைய அதே முகமூடியோடுதான் வருகிறது. படபடப்பு, வியர்வை, மூச்சுமுட்டல், செத்துவிடுவோமோ என்ற பயம். 1997-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்த வகை இதயத்துடிப்புக் கோளாறு உறுதியான 107 பேரின் பழைய கதையைத் தோண்டிப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் நோய் பிடிபடவில்லை. அப்படித் தவறியவர்கள் சராசரியாக 3 வருடத்துக்கும் மேல் நோய் என்னவென்று தெரியாமலே அலைந்திருக்கிறார்கள். அவர்களில் ‘பதற்றம், மன அழுத்தம்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், பெண்களில் 100-க்கு 65 பேர். ஆண்களில் 100-க்கு 32 பேர். அமெரிக்காவிலும் கதை இதுதான். அங்கே வேப்பிலை மட்டும் இல்லை.

ஈசிஜி மேல் பழி போடுவதிலும் நியாயம் இல்லை. வழக்கமான ஈசிஜி பதிவு செய்வது 10 விநாடிச் சங்கதியை. ஒரு நாளில் 86,400 விநாடிகள். அந்த 10 விநாடியில் இதயம் எப்படி இருந்ததோ, அதைத்தான் அந்தக் காகிதம் சொல்லும். நேற்று ராத்திரி என்ன நடந்தது என்று அதைக் கேட்டால் அது என்ன செய்யும்? நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் முதன்முதலில் துல்லியமான ஈசிஜி எடுத்த காலத்தில், அந்த இயந்திரம் சுமார் 270 கிலோ எடை. அதை இயக்க 5 பேர் வேண்டும். நோயாளி இரண்டு கையையும் இடது காலையும் உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அவருக்கு 1924-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இதயம் நோயாளியோடு ஊர் சுற்றும்போதே பதிவு செய்ய வேண்டும் என்று யோசித்தவர் அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர். 1940-களில் அவர் செய்த முதல் கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது, 38 கிலோ! இன்று அது தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனாலும், அன்று இருந்த பிரச்னை அப்படியே இருக்கிறது. திருடன் வரும் நேரத்தில் கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இவர் விஷயத்தில் திருடன் ஒருமுறை சிக்கியிருந்தான். அதுதான் 12-வது ஈசிஜி. 3 வருடத்துக்கு முன், துணி வாங்கப் போன இடத்தில் படபடப்பு வந்து, எதிரிலிருந்த சின்ன கிளினிக்கில் ஏறிவிட்டார். ஈசிஜி எடுத்துக்கொண்டிருக்கும்போதே துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்த இளம் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “வேகமாத்தான் இருக்கு. இதை எடுத்துக்கிட்டு ஹார்ட் டாக்டரைப் பாருங்க” என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது.

பொங்கல் தையல் முடியட்டும் என்று நினைத்தார். காகிதம் கசங்கக் கூடாதே என்று, அயர்ன் மேஜையில் விரித்திருந்த போர்வைக்கு அடியில் பத்திரமாக வைத்தார். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, காகிதம் முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. பஸ் டிக்கெட், ஏ.டி.எம். ரசீது போல ஈசிஜி தாளும் பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கும் தாள்தான். மையால் அச்சாவது இல்லை, சூட்டால் அச்சாவது. அயர்ன் பாக்ஸின் சூடு, அவருடைய இதயம் எழுதிக் கொடுத்த ஒரே சாட்சியத்தின் மீது கறுப்பு பூசிவிட்டது. “அன்னிக்கு அழுத மாதிரி நான் எப்பவும் அழுததில்லை” என்கிறார்.

அந்தக் கறுத்த தாளோடும், 11 நார்மல் தாள்களோடும் அவர் தஞ்சாவூரில் ஓர் இதயநோய் நிபுணரைப் பார்த்தது, அந்தத் தீபாவளிக்கு 3 மாதம் முன்பு. இவரிடம் மோட்டார் பெடல் கதை கேட்டுப் பழகிய டாக்டர்கள் பாதியிலேயே பேனாவை எடுத்துவிடுவார்கள். இவர் எடுக்கவில்லை. கேள்விகள் கேட்டார்.

“ஆரம்பிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா வேகம் எடுக்குதா, இல்ல சட்டுனு ஆரம்பிக்குதா?”

“ஸ்விட்ச் போட்ட மாதிரி சார்.”

“நிக்கும்போது?”

“அதுவும் அப்படித்தான்.”

“அந்த நேரத்துல கழுத்துல துடிக்குதா?”

அவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆமா சார். தவளை தொண்டை மாதிரி துடிக்கும். என் பொண்ணு பார்த்துட்டுச் சொல்லும்.”

“நின்னதுக்கப்புறம் யூரின் நிறைய போகுமே?”

9 வருடத்தில், தான் சொல்வதற்கு முன்பே ஒருவர் இதைக் கேட்டது அதுதான் முதல்முறை. டாக்டர் சீட்டைத் திருப்பிப் படம் வரைந்தார். இதயத்தின் மேலறையில் ஒரு மின் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் மின்சாரம் கீழறைக்குப் போக நடுவில் ஒரு சந்திப்பு. பெரும்பாலானவர்களுக்கு அங்கே பாதை ஒன்றுபோலத்தான் வேலை செய்யும். சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு பாதை. “ஒண்ணு பைபாஸ். இன்னொண்ணு ஊருக்குள்ள போற ரோடு. சாதாரணமா கரன்ட் பைபாஸ்ல வேகமாப் போயிடும். ஆனா, பைபாஸ்ல ஒரு வண்டி போனா கேட் கொஞ்ச நேரம் மூடியிருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாடியே வந்துச்சுன்னா, வழி இல்லாம ஊருக்குள்ள போகும். மெதுவாப் போய் அந்தப் பக்கம் சேர்றப்ப, பைபாஸ் கேட் திறந்திருக்கும். எதிர்த் திசையில ஏறி மேல வந்துடும். திரும்ப ஊருக்குள்ள. திரும்ப பைபாஸ். சுத்திக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் இதயம் ஒருமுறை துடிக்கும். நிமிஷத்துக்கு 150, 200 முறை. எங்கேயாவது ஒரு இடத்துல கேட் மூடினாத்தான் நிக்கும். அதனாலதான் சட்டுனு நிக்குது.”

மேலறையும் கீழறையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சுருங்குவதால், மேலறையின் ரத்தம் இறங்க வழியில்லாமல் கழுத்து நரம்புக்குத் திரும்புகிறது. அதுதான் தவளைத் தொண்டை. மேலறை அப்படி விரிவதால் சுரக்கும் ஒரு ஹார்மோன்தான் சிறுநீருக்குக் காரணம். இந்தக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம்.

“இது அதுவாத்தான் இருக்கும்னு தோணுது. ஆனா, பேப்பர் வேணும். அடுத்த தடவை வந்தா டோக்கன் போட்டு என்னைப் பார்க்க வராதீங்க. பக்கத்துல எங்கே ஈசிஜி மெஷின் இருக்கோ அங்கே ஓடுங்க. உள்ளே போனதும் ‘முதல்ல ஈசிஜி எடுங்க’ன்னு சொல்லுங்க. ஊசி, மாத்திரை எல்லாம் அதுக்கப்புறம்” என்றார் டாக்டர். அவரது ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெஷின் இருக்கிறதா என்று விசாரித்துவைக்கச் சொன்னார். இருந்தது. வீட்டிலிருந்து ஆட்டோவில் 7 நிமிடம். மகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த ஒத்திகைதான், தீபாவளிக்கு 9 நாள் முன்பு செருப்பில்லாமல் ஓடியது.

சுகாதார நிலையத்தில் பணியில் இருந்த நர்ஸ், கதை கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. “படுங்கக்கா” என்று சொல்லி, கை, கால், நெஞ்சில் ஒயரை மாட்டினார். காகிதம் நீள நீள வந்தது. நிமிடத்துக்கு 188. நர்ஸ் அதைக் கிழித்து எடுத்த வேகத்தில், இவர் கேட்ட முதல் கேள்வி: “நார்மலா சிஸ்டர்?”

“இல்லக்கா, நார்மல் இல்ல.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் சிரித்துவிட்டாராம். படபடக்கும் நெஞ்சோடு, வியர்த்து ஊற்ற, சிரித்துக்கொண்டே படுத்திருந்தவரை நர்ஸ் பார்த்த பார்வையை இன்னும் நடித்துக் காட்டுகிறார். நர்ஸ் செய்த இன்னொரு காரியத்தைத்தான் கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டும். தன் செல்போனை எடுத்து அந்தக் காகிதத்தைப் படம் பிடித்தார். கறுத்த தாளின் கதை தெரியாமலே.

மருத்துவ அலுவலர் வந்து, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சைக் கையில் கொடுத்து, பிஸ்டன் நகரும் அளவுக்கு 15 விநாடி ஊதச் சொன்னார். ஊதி முடித்ததும் சட்டென்று மல்லாத்திப் படுக்கவைத்து, இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார்கள். விளையாட்டுபோலத் தெரியும் இந்த வித்தை, 2015-ல் இங்கிலாந்தில் 428 நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டது. உட்கார்ந்தபடி ஊதியவர்களில் 100-க்கு 17 பேருக்குத் துடிப்பு சீரானது. ஊதிவிட்டுக் காலைத் தூக்கியவர்களில் 43 பேருக்கு. செலவு ஒரு சிரிஞ்ச். இவர் மீதி 57 பேரில் ஒருவர். நிற்கவில்லை. 108-ல் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே, ஆஸ்துமா உண்டா என்று கேட்டுவிட்டு, அடினோசின் என்ற ஊசியைப் போட்டார்கள். “ஒரு சில விநாடி ஒரு மாதிரி இருக்கும். பயப்படாதீங்கம்மா, நாங்க இருக்கோம்” என்றார் டாக்டர். உடம்பில் சில விநாடிகள் மட்டுமே நிற்கும் மருந்து அது. அதனால் மின்னல் வேகத்தில் செலுத்தி, பின்னாலேயே சலைன் தண்ணீரைத் தள்ள வேண்டும். அந்தச் சந்திப்பில் மின்சாரத்தை ஒரு கணம் அடியோடு நிறுத்திவிடும். திரையில் கோடு படுத்துவிட்டது. நெஞ்சை யாரோ மிதித்ததுபோல இருந்தது. “செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். பொண்ணுக்கு எடுத்துவெச்ச பட்டுப்பாவாடை இன்னும் தைக்கலையேன்னு நெனச்சேன்.” அடுத்த கணம், டப்... டப்... டப். நிமிடத்துக்கு 84.

மறுநாள், அந்தக் காகிதமும் அதன் போட்டோவும் அதன் ஜெராக்ஸும் தஞ்சாவூருக்குப் போயின. டாக்டர் முதலில் 13-வது தாளைப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, “அந்தப் பழைய நார்மல் ஈசிஜி எல்லாத்தையும் குடுங்க” என்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஓர் இடத்தைக் காட்டினார். வேகமான துடிப்பின் ஒவ்வொரு அலைக்கும் முடிவில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்னக் கொம்பு. நார்மல் தாளில் அந்தக் கொம்பு இல்லை. மேலறைக்கு மின்சாரம் எதிர்த் திசையில் ஏறுவதன் தடயம் அது. தனியாகப் பார்த்தால் அந்தக் கொம்பு எவருடைய ஈசிஜியிலும் இருக்கக்கூடிய சாதாரண நெளிவாகத் தோன்றும். ஒப்பிட நார்மல் தாள் இருந்ததால்தான் பளிச்சென்று தெரிந்தது. 9 வருடமாக அவமானம்போலச் சுமந்த 11 தாள்களுக்கும் அன்று ஒரு வேலை கிடைத்தது.

திருப்பூரிலிருந்து கிளம்பி வந்திருந்த கணவர் அந்தக் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். “என்னைத் திட்டேன்” என்றார். “போங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார் மனைவி.

படபடப்பு எல்லாம் இந்த ஒரே கோளாறும் இல்லை; எல்லாம் ஆபத்தும் இல்லை. எப்போதாவது ஒரு துடிப்பு தவறி, அடுத்த துடிப்பு ஓங்கி அடிப்பதுபோல உணர்வது பலருக்கும் வருவது. இதயம் நன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தொந்தரவு இல்லாதது. வயதானவர்களுக்குத் துடிப்பு தாறுமாறாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் ஓடினால் கதை வேறு. மேலறை நடுங்கும் அந்தக் கோளாறில் உள்ளே ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம். பக்கவாத ஆபத்து 5 மடங்கு. அங்கே படபடப்பை அடக்குவதைவிட, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தேவையா என்று பார்ப்பது முக்கியம். துடிப்பு மிகவும் குறைந்து தலைசுற்றி விழுபவர்களுக்கு பேஸ்மேக்கர் தேவைப்படலாம். படபடப்போடு மயங்கி விழுந்தாலோ, ஓடும்போது மயக்கம் வந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ, அடுத்த முறை வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. கடிகாரத்தில் ஈசிஜி எடுக்கும் வசதி இருப்பவர்கள் அந்த நேரத்தில் எடுத்துச் சேமித்துவைக்கலாம். மிக வேகமான துடிப்பைப் பார்த்து, முடிவு சொல்ல முடியவில்லை என்று சில கடிகாரங்கள் கைவிரிக்கும். முடிவை டாக்டர் சொல்லிக்கொள்வார். கோடு இருந்தால் போதும்.

இவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தினசரி மாத்திரை, அல்லது அப்லேஷன். மாத்திரை 4 மாதம் சாப்பிட்டார். படபடப்பு குறைந்தது, ஆனால் சோர்வு. பெடல் மிதிக்கவே கால் வரவில்லை. அப்லேஷனுக்குச் சம்மதித்தார். அந்த ஊருக்குள் போகும் ரோட்டை உள்ளிருந்தே சூடுவைத்து மூடிவிடும் சிகிச்சை அது. 100-க்கு 95 பேருக்கு மேல் ஒரே முறையில் குணமாகிறது. சந்திப்பின் முக்கியப் பாதையிலேயே சூடு பட்டுவிட்டால் நிரந்தரமாக பேஸ்மேக்கர் வைக்க நேரலாம்; அந்த ஆபத்து 100-ல் ஒருவருக்கோ, அதைவிடக் குறைவாகவோதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அந்த ‘ஒருவர்’ பற்றி மாமியார் ஒரு வாரம் தூங்கவில்லை. காப்பீட்டு அட்டை, பழைய தாள்கள், ஒரு பிளாஸ்க் எல்லாவற்றையும் கட்டைப்பையில் அடுக்கியதும், சென்னை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததும் அவர்தான். “கரன்ட் கோளாறாம். பாவம், இவ்வளவு நாளா யாருக்கும் தெரியல” என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் அவர் சொல்வது மருமகள் காதில் விழுந்தது.

கேத் லேப் என்ற அந்த ஐஸ் பெட்டி அறையில், தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய ஒயர்களை இதயத்துக்குள் அனுப்பினார்கள். முழு நினைவோடுதான் இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் மைக்கில் பேசினார்: “இப்ப நாங்களே உங்க படபடப்பை வரவைக்கப் போறோம்மா. வந்தாத்தான் எங்கே சுத்துதுன்னு பார்க்க முடியும்.”

ஒயர் வழியே துடிப்புகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். வரவில்லை. 9 வருடம் கூப்பிடாமல் வந்தது, கூப்பிட்டால் வரவில்லை. இதயத்தை முடுக்கிவிடும் மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம். “அய்யோ, இங்கேயும் நார்மல்னு சொல்லி அனுப்பிடுவாங்களோன்னு பயந்தேன்” என்கிறார். அப்போது, ஸ்விட்ச் விழுந்தது.

“வந்துடுச்சு சார்!” என்று அவர் கத்தியதும், “எங்களுக்கும் வந்துடுச்சும்மா” என்று மைக்கில் சத்தம்.

பிறகு சூடு. ஒயரின் நுனியில் ரேடியோ அலை. திசு 50 டிகிரிக்கு மேல் சூடானால் அந்த இடம் மின்சாரம் கடத்தும் சக்தியை இழந்துவிடும். மிளகு அளவு இடம்தான். 1980-களின் தொடக்கம்வரை இந்த மாதிரிக் கோளாறுகளில் மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு நெஞ்சைத் திறக்கும் அறுவை சிகிச்சைதான் வழி. நெஞ்சில் லேசான கதகதப்பு மட்டும் தெரிந்தது என்கிறார். அரை மணி நேரம் காத்திருந்து, மறுபடி மருந்து ஏற்றி, மறுபடி தட்டிப் பார்த்தார்கள். வரவில்லை. இந்த முறை வராதது நல்ல செய்தி.

காலை நீட்டியபடி 6 மணி நேரம் அசையாமல் படுக்கவைத்தார்கள். மறுநாள் வீடு. ஒரு வாரம் பெடல் மிதிக்கக் கூடாது என்றதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. அது முடிந்து இப்போது 14 மாதம். ஒருமுறைகூட வரவில்லை. பயம் மட்டும் உடனே போகவில்லை. குனிந்து நிமிரும்போதெல்லாம் ஒரு கணம் நின்று கேட்டுப்பார்க்கும் பழக்கம் மாதக்கணக்கில் இருந்தது. மகளை ஸ்கூட்டியில் ஏற்றியது, இந்த ஜூனில் பள்ளி திறந்த அன்றுதான்.

13-வது ஈசிஜியை லேமினேட் பண்ணிவைக்க வேண்டும் என்று கணவர் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். “அண்ணே, இது தெர்மல் பேப்பர். மெஷின்ல விட்டா கறுத்துடும்” என்று கடைப்பையன் தடுத்தான். இல்லையென்றால் அதுவும் போயிருக்கும்.

போன வாரம், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் சுடிதார் தைக்கக் கொடுக்க வந்திருந்தாள். தோள்பட்டை அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது, கூட வந்த அம்மா சொன்னார்: “இவளுக்கு எக்ஸாம் வந்தாலே படபடப்புன்னு உட்கார்ந்துடுறாக்கா. டாக்டர் டென்ஷன்னு சொல்லிட்டாரு. ஈசிஜியும் நார்மலாம்.”

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, டெய்லர் அக்கா அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னார்.

“ஏம்மா, ஆரம்பிக்கிறப்ப கொஞ்சம் கொஞ்சமா வருதா, சட்டுனு வருதா?”

அந்தப் பெண் யோசித்தாள். “கொஞ்சம் கொஞ்சமாத்தான்க்கா. ஹால் டிக்கெட் கையில வாங்குறப்ப ஆரம்பிக்கும்.”

“எக்ஸாம் இல்லாதப்ப? சும்மா குனிஞ்சு நிமிரறப்ப?”

“இல்லக்கா.”

“சரி” என்றவர், அளவுச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் சுகாதார நிலையத்தின் பெயரையும், மெஷின் இருக்கும் அறை எதுவென்பதையும் எழுதினார். “இருக்கட்டும், வெச்சுக்கோ. கை எவ்வளவு நீளம் வேணும், முட்டிவரைக்குமா?”